மூன்றாம் தொட்டியில் தூங்கிய சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சர்க்கரை ஆலையின் மூன்றாம் தொட்டிக்குள் இறங்கிய சத்தம், புதன்கிழமை பத்து மணி வரை மேலே வரவில்லை.

சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸ் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வருவதுதான் அதன் வேலை. கூரையிலிருக்கும் கருவி அதைக் கீழே அனுப்பும். மனுசக் காதுக்கு எட்டாத ரகம். மொலாசஸைத் தொட்டுவிட்டுக் கண் இமைப்பதற்குள் திரும்பிவிடும். போய்வந்த நேரத்தில் பாதியை எடுத்துக் கருவி ஆழம் சொல்லும். சீக்கிரம் வந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது, தாமதித்தால் காலி. முதல் சத்தம் திரும்பாமல் அடுத்ததை அனுப்புகிற வழக்கம் அந்தக் கருவிக்கு இல்லை.

ஒரு நாள் முழுக்க வராததால், மொலாசஸ் பதினாலாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர் கீழே கிடப்பதாகக் கருவியின் அளவுப் பலகை காட்டியது. பூமியின் மறுபக்கத்தையும் தாண்டிவிட்டது. அவ்வளவு காலியான தொட்டிக்கு, அதை நிரப்பும் பம்பை நிறுத்த முடியாது என்று மேலாளர் ரங்கபாஷ்யம் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

பலகையைப் பார்த்துக்கொள்ளும் சென்னியப்பன் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். அடியிலிருந்து உச்சிக்கு ஒரு மீட்டர் கீழே வரை நிறைந்த மந்தமான ஒலி கேட்டது. மதியத்துக்குள் வழிந்துவிடும். வழிந்தால் நேரே பள்ளத்திலிருக்கும் அவர் வீட்டுக்குத்தான் போகும். அங்கே மனைவி துளசிமணி காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அவளுக்குப் போன் போட்டார்.

"ஊடு முங்கப்போவுதுன்னு சொல்லறதுக்கா கூப்பிட்டீங்க? மூடியைத் தொறந்து உள்ள பாருங்க மொதல்ல."

பார்த்தார். மொலாசஸின் மேல் மெத்தை கனத்துக்கு நுரை. ஓரிடத்தில் மட்டும் குழிந்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தூங்குகிறது என்று சொன்னார்.

"நுரைக்கு ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் உடோணும்னு எங்கப்பன் வெல்ல ஆலையில கட்டெறும்புக்கும் தெரியுமுங்க. ஆலையில இருவது வருசம் என்னத்தக் கிழிச்சீங்க?"

விட்டார். நுரை அடங்கியது. சத்தம் எழுந்து மேலே வந்தது. ஆனால் ஒரு நாள் தாமதத்தோடு வந்ததால் பலகை அசையவில்லை, பம்பும் நிற்கவில்லை. தூங்கிய நேரத்தைக் கழித்துவிடலாம் என்றார் சென்னியப்பன். தூங்கியதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் ரங்கபாஷ்யம். சத்தம் திரும்பி நின்று முதுகைக் காட்டியது. நுரை அழுந்திய தடம் அப்படியே இருந்தது. மேலாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழித்தார். மீதி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. பலகை ஒரு மீட்டர் என்றது, பம்பு நின்றது.

மெத்தை போய்விட்டதால் சத்தம் மறுபடி இறங்க மறுத்தது. சாயங்காலம் சென்னியப்பனுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. படுத்திருந்த துளசிமணி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"காலெல்லாம் மொலாசஸு. கழுவிட்டு உள்ள வரச் சொல்லுங்க."

அது கழுவிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை சத்தம் அங்கிருந்து திரும்பியதும் கருவி, சென்னியப்பனின் வீடு காலியாக இருப்பதாகச் சொல்லிப் பம்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.