அம்மனும் கருவாடும் ஏறிய லாரி

1

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சேலத்துக்குப் போன ஒரு லாரியின் கதையைச் சொல்லப் போகிறேன். கதை முழுசாகக் கையில் இருக்கிறதா என்றால், இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் இது எனக்குக் கிடைத்தது. முன் சீட்டுப் பெண் போனில் கத்தினாள்: “அம்மன் மேல கருவாடு கீதா, கருவாட்டு மேல அம்மன் கீதா? அத்த மட்டும் சொல்லு, அண்ணாத்த!” திருக்கழுக்குன்றத்தில் இறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே இறங்கிக் கேட்டிருக்கலாம். எனக்கு முழங்கால் வலி.

கிடைத்தது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான் ஏற்றிய பாரம்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திண்டாடினேன். அந்தத் திண்டாட்டத்தையும் பாருங்கள்.

‘செங்கல்பட்டுப் புறவழிச் சாலையோரம் உள்ள லாரி புக்கிங் ஆபீசில் பணிபுரியும் ஜோதிலட்சுமி என்பவர்’ [வேண்டாம். காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரி இருக்கிறது.]

‘கருங்கல்லில் துயில் கொண்டிருந்த தேவி, கண் மலரும் முன்பே’ [இதுவும் வேண்டாம். எனக்கே கற்பூர வாசனை மூக்கில் ஏறுகிறது.]

‘லாரியில் இடம் காலியாகப் போனால் ஜோதிலட்சுமிக்குச் சோறு இறங்காது.’

இது இருக்கட்டும். அவள் வேலையே அதுதான். செங்கல்பட்டுப் பக்கத்துச் சரக்கை சேலத்துக்கும், சேலத்துச் சரக்கை இங்கேயும் எந்த வண்டியில், எதற்கு மேல் எது, எதற்குப் பக்கத்தில் எது என்று பார்த்து அனுப்புவது. கனமானது நடுவில், இலேசானது ஓரத்தில், உடைகிறது எல்லாவற்றுக்கும் மேலே.

3

அந்த வெள்ளிக்கிழமைக்கு அவள் இரண்டு வண்டி வைத்திருந்தாள்.

முதல் வண்டி சின்னையனுடையது. மாமல்லபுரத்தில் அருணகிரி ஸ்தபதியின் பட்டறையில் சேலத்து ஓட்டலுக்கான கல் தூண்களை ஏற்ற வேண்டும். பிறகு புதுப்பட்டினம் போய், சரோஜாவின் கருவாட்டு மூட்டைகளைத் தூண்களுக்கு இடையில் செருகிக்கொண்டு கிளம்ப வேண்டும். தூணுக்கு மூக்கு இல்லை.

இரண்டாவது வண்டி அதே பட்டறையிலிருந்து ஓர் அம்மன் சிலையை மட்டும், புது வைக்கோலில் படுக்கவைத்து, ஆத்தூர்ப் பக்கத்து ஊருக்கு எடுத்துப் போக வேண்டும். வேறு எதுவும் ஏறக் கூடாது. இடம் காலியாகப் போகட்டும் என்று அவள் வாயாலேயே சொன்ன ஒரே வண்டி அதுதான்.

ஏனென்றால் அவள் மகள் துர்காதேவியை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. தை மாசத்துக் கல்யாணம். சம்பந்தி வீட்டார்தான் கோயிலுக்கு முன்னே நிற்பவர்கள். சிலையை இங்கே செய்யச் சொல்லலாம் என்று சிபாரிசு செய்ததே ஜோதிலட்சுமி. ஊர் எல்லையில் பூரண கும்பத்தோடு எதிர்கொண்டு அழைக்க வேண்டியவள் புது மருமகள் துர்கா. விளக்கு வைப்பதற்குள் அம்மன் எல்லை தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டு.

இன்னொன்றும் உண்டு. போன முறை மகளைப் பார்க்கப் போனபோது ஜோதிலட்சுமி ஆசையாக வஞ்சிரக் கருவாடு கொண்டுபோனாள். சம்பந்தியம்மா அதைப் பையோடு கொல்லையில் வைத்துவிட்டு, “எங்க அம்மனுக்குக் கவுச்சியே ஆகாதுங்க, இந்த ஊட்டுக்கும் அப்படித்தான்” என்று சொன்னாள். அன்றிலிருந்து துர்கா எதைச் சமைத்தாலும் அந்த அம்மாள் ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாளாம்.

[ஆடிக் கூழோடு எங்கள் பக்கத்து அம்மனுக்குக் கருவாட்டுக் குழம்பையே படைக்கிறோம். அவளும் இவளும் ஒருத்தியா, வேறு வேறா? என்னைக் கேட்காதீர்கள். யோசித்தால் தலை சுற்றுகிறது.]

4

குளறுபடி நடந்தது பட்டறையில்.

அம்மனுக்கான வண்டி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. முதலில் வந்து சேர்ந்தது சின்னையன் வண்டி. அருணகிரி ஸ்தபதி வெயிலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

“சின்னையா, தூணெல்லாம் பின்னால வர்ற வண்டியில வரட்டும். மொதல்ல இவள ஏத்து, வெளக்கு வெக்கறதுக்குள்ள ஆத்தூர்ப் பக்கத்து ஊர்ல எறக்கிடணும். செத்த நேரத்துல ராகு காலம் பொறந்துடும்.”

“எனக்குத் தூணுன்னு தானே சொன்னாங்கோ?”

“இதுவும் கல்லுதான்யா. கண்ணு தொறக்கற வரைக்கும் கல்லு.”

“கல்லுன்னா ராகு காலம் இன்னாத்துக்குப் பாக்கறீங்க?”

ஸ்தபதி கிரேன்காரனை அதட்டினார். [நானும் அவர் வாயில் ஒரு பதிலை வைக்கப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.] மஞ்சள் துணி சுற்றிய அம்மன் வைக்கோலில் மல்லாந்து படுத்தாள். நல்ல நேரத்துக்குள் ஏற்றிவிட்ட திருப்தியில் ஸ்தபதி மோர் குடிக்கப் போய்விட்டார். ஆபீசுக்கு ஒரு போன் பண்ண யாருக்கும் தோன்றவில்லை. நேரம்தான் தப்பவில்லையே.

அடுத்த ஊர் புதுப்பட்டினம் என்று சின்னையனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. போனான்.

“அது இன்னாய்யா படுத்துகினு கீது?” என்றாள் சரோஜா.

“கல்லு.”

“கல்லுக்கு மஞ்சத்துணி எதுக்கு?”

“ஸ்தபதியே கல்லுன்றாரு, நீ வேற. ஏத்தப் போறியா, நான் கெளம்பட்டுமா?”

“ஏன் பேஜாரு பண்ற? ஏத்து, ஏத்து. என் மூட்ட போனா சரி.”

இந்த இடத்தில்தான் சின்னையன் மேல் எனக்குச் சந்தேகம். அவனுக்குத் தெரியாதா? ஒரு தடவை அவனைத் திமிர் பிடித்தவனாக எழுதினேன். இன்னொரு தடவை, அம்மன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறகு மூட்டையை ஏற்றினான் என்று எழுதினேன். இரண்டிலும் அவன் என்னை முறைத்தான். உண்மையில் அவன் பார்த்தது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: வளைவில் சிலை உருளக் கூடாது. இரண்டு பக்கமும் மூட்டையை நெருக்கி அடுக்கினான். அழகான வேலை. ஜோதிலட்சுமி அடுக்கியிருந்தாலும் அப்படித்தான் அடுக்கியிருப்பாள்.

5

டயர் மாற்றிக்கொண்டு வந்த இரண்டாவது டிரைவர் பட்டறையிலிருந்து போன் செய்தான். “அக்கா, இங்க அம்மனக் காணோம். தூணுதான் கீது.”

ஜோதிலட்சுமி கையில் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். நான் பார்த்தது அப்போதுதான். பஸ்ஸிலிருந்தே சின்னையனைப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதிலை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

“மேலயும் இல்ல, கீழயும் இல்ல, தங்கச்சி. ரெண்டு பக்கமும் கீது. நடுவுல அம்மா சொகமா படுத்துகினு வர்றாங்கோ.”

“ஐயோ. எறக்கு அண்ணாத்த, கருவாட்ட எறக்கு!”

“எங்க எறக்க, நடுரோட்லயா? திண்டிவனம் தாண்டிட்டேன். எறக்கி, வேற வண்டி புட்ச்சி, அதுல ஏத்தறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். வெளக்கு வெக்கறதுக்குள்ள அங்க இருக்கணும்னு ஸ்தபதி சொன்னாரே?”

பட்டறைக்குப் போய் இனி என்ன செய்ய? பாதியில் இறங்கி மகளைக் கூப்பிட்டாள். நிறுத்தினால் அம்மன் இரவெல்லாம் எல்லைக்கு வெளியே கிடப்பாள். கும்பத்தோடு காத்திருந்த மருமகளின் ராசி என்று பேசுவார்கள். நிறுத்தாவிட்டால் வாசனை. எந்தப் பக்கம் போனாலும் அடி துர்காவுக்குத்தான்.

“யம்மா, நெஜமாவா?” என்றாள் துர்கா. “நெத்திலியா, வஞ்சிரமா?”

“அடிப்பாவி, சிரிக்கிறியா?”

“அழுதா மட்டும் வாசன போயிடுமா?” என்றவள் கேட்டாள்: “உன்ன யாராவது ஏதாவது சொன்னா என்னாம்மா பண்ணுவே?”

“என்னைய சொன்னா சொல்லட்டும். உன்னத்தான்…”

“வண்டிய நிறுத்தாத. வரட்டும்.”

வைத்துவிட்டாள். ஜோதிலட்சுமி திருக்கழுக்குன்றத்துப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். எத்தனையோ லாரிகளுக்கு வழி சொன்னவளுக்கு, வீட்டுக்கு எந்தப் பஸ் என்று தெரியவில்லை.

6

முடிவுக்கு வருவோம். என்னிடம் சில இருந்தன.

முதல் முடிவு: கள்ளக்குறிச்சியில் மழை கொட்டி எல்லா வாசனையையும் [அடித்துவிட்டேன். மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறதே.]

இரண்டாம் முடிவு: ஊரே கொந்தளித்து அம்மனைத் திருப்பி அனுப்புகிறது. பாதி எழுதினேன். துர்காவை அந்தக் கூட்டத்தின் நடுவில் விட்டுவிட்டு என்னால் படுக்கப் போக முடியவில்லை.

மூன்றாவதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. எல்லையில் மேளம். சின்னையன் தார்ப்பாயை அவிழ்க்கிறான். சிலையை இறக்கும் முன்பே அது இறங்கிவிடுகிறது. வெயிலில் வெந்த கருவாட்டு வாசனை மேளக்காரர் வரைக்கும் போகிறது. நாயனம் ஒரு நொடி தடுமாறுகிறது. அர்ச்சகர் சாம்பிராணியை அள்ளிப் போடுகிறார். இரண்டும் கலந்து இன்னும் மோசமாகிறது.

கும்பத்தைப் பிடித்தபடி துர்கா நிற்கிறாள். பக்கத்தில் மாமியார். அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன புள்ள இது வாசன?”

கும்பத்தின் மேலிருந்த தேங்காய் ஆடியது. துர்கா அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். டிரைவர் மேல் போட்டிருக்கலாம், ஸ்தபதி மேல் போட்டிருக்கலாம், சொந்த அம்மா மேலேயே போட்டிருக்கலாம்.

“எங்கம்மா வூட்டு வாசனைங்க, அத்த. எங்கூர்ல இருந்து வந்தவளுக்கு அதுதானே இருக்கும்.”

அம்மனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா? எழுதிய எனக்கே தெளிவாகவில்லை. மாமியார் மருமகளைப் பார்த்தாள். பிறகு படுத்திருந்த அம்மனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

7

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எழுதிப் பார்த்தேன். நல்லவளாக ஆக்கினால் நம்ப முடியவில்லை, கெட்டவளாக ஆக்கினால் பாவமாக இருக்கிறது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. உங்களில் மாமியாராக இருக்கிறவர்கள் சொல்லுங்கள். வாய் திறந்திருக்கிறது, என்ன வந்தது? மருமகளாக இருக்கிறவர்களும் சொல்லுங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்து.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வந்த பெண், தன் அம்மா வீட்டுக் குழம்பைக் கதவைச் சாத்தாமல் கொதிக்கவிடட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கும் அப்படியே வாய்க்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.