மத்தியாஸ் வீட்டுப் பிராந்தி

சார்ஜாவில் ஒரே அறையில் பதினொரு வருஷம் கிடந்தவர்கள் நானும் மத்தியாஸும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறி முட்டத்திலுள்ள அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். மாடியில் கடல் காற்று, பிராந்தி, அவன் மனைவி ஷைஜா பொரித்த சூரைக் கருவாடு. அடடா, அது ஒரு காலம்!

ஆனால் பாழாய்ப்போன என் உடம்பு! அரை கிளாஸ் உள்ளே போனதும் முகம் சிவக்கும், மேலெல்லாம் அரிக்கும், நெஞ்சு படபடக்கும். பிராந்தியின் நிறம்தான் ஆகவில்லை என்று மத்தியாஸ் வோட்கா வாங்கி வைத்தான். வெறும் வயிற்றில் குடிப்பதால்தான் என்று கருவாட்டை இன்னும் அள்ளி வைத்தான். அரிப்புதான் கூடியது. கடைசித் தடவை இலையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றுவலி என்று பொய் சொல்லி எழுந்து வந்தேன். அடுத்த வருஷம் கோயில் விரதம் என்றேன். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. அவனும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு மூக்குமேல் கோபம். நானும் போன் செய்யவில்லை.

போன வாரம்தான் நாகர்கோவில் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஹிஸ்டமின் என்று ஒன்று. அதைச் செரிக்கிற சக்தி என் உடம்பில் குறைவாம். சூரையிலும் கருவாட்டிலும் அது நிறைய உண்டு. மது எந்த நிறமானாலும் உள்ள கொஞ்சம் சக்தியையும் கெடுத்துவிடுமாம். அவர் எழுதித் தந்த சீட்டை வாங்கிக்கொண்டு நேரே முட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

மத்தியாஸ் சீட்டை இரண்டு தடவை படித்தான்.

"எங்க வீட்டு மீனு ஒனக்கு அருவருப்பாக்கும்னுல்லா நெனச்சேன் மக்கா," என்றான். "கடப்புறத்துல மீன் பிடிக்கவன் வீடுதானேன்னு."

ஒரே தட்டில் குப்பூஸ் ரொட்டி பிய்த்துத் தின்றவனை ஆறு வருஷம் இப்படி நினைக்க விட்டிருக்கிறேனே, சண்டாளன் நான்.

ஷைஜா காலையில் கரைக்கு வந்த விளமீனைக் குழம்பு வைத்தாள். பச்சை மீன் கொஞ்சம் தின்னலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியாஸ் தனக்குப் பிராந்தி ஊற்றிக்கொண்டான். எனக்கு அதே மாதிரி கிளாஸில் கருப்பட்டிக் காப்பி. இரண்டையும் முட்டிக்கொண்டோம்.

நான் தின்று முடிக்கும்வரை அவன் பிராந்தியைத் தொடவில்லை. என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்காமல் இலையை மடக்கினேன்.