சாய்ந்த பலகைத் துண்டு

போன கோடை முழுக்க நான் பார்த்தது டின்ட்ராவின் வண்டிக்குப் பின்னால், மெதுவாகப் போகிற வண்டி என்று காட்ட மாட்டியிருக்கும் சிவப்பு முக்கோணத்தைத்தான். எங்கள் ஊர் மாலுங்கில் பதினைந்து வயதானால் பழைய காரை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாதபடி கட்டிப்போட்டு, டிராக்டர் என்று பதிந்து ஓட்டலாம். மெதுவாகப் போகிற வண்டிக்குச் சத்தம்தான் மரியாதை. சனிக்கிழமைகளில் ஊர்க் கடைக்குப் பின்புறம் ஒலி மீட்டர் வைத்து அளப்போம். யாருடைய ஸ்பீக்கரில் பாஸ் என்கிற அந்த அடித்தொனி அதிகமோ, அவர் வண்டி நாங்கள் ஊரைச் சுற்றும் ஊர்வலத்துக்கு முன்னால் போகும்.

டின்ட்ரா என் உயிர்த்தோழி என்றுதான் ஊரே நினைக்கிறது. அவள் வால்வோ 141 டெசிபல் காட்டியது, என் மாஸ்டா பிக்கப் 136. வயிறு பற்றி எரிந்தது. இரண்டு பேரும் வாங்கியது ஒரே ரக ஸ்பீக்கர். அப்படியானால் ரகசியம் ஸ்பீக்கரை வைக்க அவள் செய்த மரப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

இந்த ஜூனில் ஒருநாள் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"நீ போடி, எனக்குப் பசிக்கல," என்றேன்.

அவள் தலை மறைந்ததும் அளவு டேப்போடு வால்வோவின் பின்பக்கம் ஏறினேன். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டேன். பெட்டியிலிருந்து காற்று வெளியே வரும் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டபோது, உள்ளே ஒரு பலகைத் துண்டு சாய்வாக ஒட்டியிருப்பது தட்டுப்பட்டது. அகப்பட்டாள் கள்ளி, இதுதான் சங்கதி என்று நினைத்தேன்.

மூன்று வாரம் பலகை அறுத்தேன், பசை பூசினேன், திருகினேன். சாய்ந்த துண்டையும் அதே கோணத்தில் ஒட்டினேன். பெட்டி கேபினுக்குள் போகாததால் சீட்டை முன்னால் தள்ளினேன். முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும்.

சனிக்கிழமை மீட்டர் 134 காட்டியது.

"மாஸ்டாவுக்கு ஜலதோஷம் போல," என்றான் மீட்டர் பிடித்த சிக்ஸ்டன். எல்லோரும் சிரித்தார்கள்.

டின்ட்ரா மட்டும் வண்டிக்குள் குனிந்து பெட்டியின் வாய்க்குள் கையை விட்டாள். சாய்ந்த துண்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தத் துண்டை எதுக்குடி வச்சே?"

"சும்மாதான். காத்து நல்லா வரும்னு."

"எனக்குப் பலகை ரெண்டு விரல் பத்தல. இடைவெளிய அடைக்கக் குப்பையில கிடந்ததை ஒட்டினேன். அதுவும் கோணிக்கிச்சு."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் புலியின் காயத்தழும்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் கேபின் சின்னதுடி. வண்டிக்கு வண்டி பெட்டி மாறும்," என்றாள் மெதுவாக. "கேட்டிருந்தா நானே கணக்குப் போட்டுக் குடுத்திருப்பேன்ல."

அவள் சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். பாவி, சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்கும் 141 அவளுடையதுதான். அப்படியிருந்தும் எல்லோர் எதிரிலும், "இன்னைக்கு நீ முன்னாடி போ," என்றாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறுக்க முடியவில்லை. தேவாலயத் திருப்பம், கெபாப் கடை என்று முன்னால் போனேன். என் முன்னால் முக்கோணம் இல்லை. என் பாட்டு எனக்கே கேட்கவில்லை. பின்னால் வந்த அவளுடைய பாஸில் என் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடி வழி நெடுக அதிர்ந்துகொண்டே வந்தது.