பதினாறு கழிகள்

விடிவதற்கு முன்பே விடுதியின் கோல்ஃப் மைதானத்தில் தொழிலாளர்கள் பதினாறு பேரும் பனி தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு கழி, இரண்டு ஆள் நீளம். அதைப் புல்லின் மேல் இடமும் வலமுமாக வீச வேண்டும். நுனியில் நிற்கும் பனி உதிர வேண்டும், புல் ஒன்றுகூட ஒடியக் கூடாது. ஈரம் இருந்தால் கோல்ஃப் பந்து உருளாதாம். முன்பு இதற்கு ஓர் எந்திரம் இருந்தது. அது புகை விடுகிறது என்று விற்றுவிட்டு, புகை விடாத எந்திரங்களாக இவர்களைப் பிடித்துப் போட்டார்கள். முழங்கால்வரை நனைந்து, தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும். அந்தப் புல்லுக்கு நடக்கும் உபசாரத்தில் நூறில் ஒரு பங்கு எனக்குக் கல்யாணத்தன்று நடந்திருந்தால், இன்றைக்கும் மாப்பிள்ளை முறுக்கோடு திரிந்துகொண்டிருப்பேன்.

நான் அந்த விடுதியில் இருபத்திரண்டு வருடம் பம்ப் ஆபரேட்டர். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. சுற்றுலாப் படிப்பு மாணவர்கள் நாற்பது பேர் வருகிறார்கள், கழிவுநீர் சுத்திகரிப்பை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

காலை ஐந்தரைக்கே வந்த பிள்ளைகளின் பாட்டில்களை, பிளாஸ்டிக் என்று கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு மேனேஜர் அவர்களை மேடும் பள்ளமுமாக ஒரு மணி நேரம் நடத்தினார். 'இயற்கை' என்ற சொல்லை அவர் நாலாயிரம் தடவை சொன்னார், குறைத்துத்தான் சொல்கிறேன். புல்வெளி ஓரத்துத் தொழிலாளர் கொட்டகைக்கு வந்தபோது பிள்ளைகளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் ஒரு மாணவி.

அவள் கேட்டது, பக்கத்தில் பனி தட்டிக்கொண்டிருந்த தராசிடம். எதையும் நேருக்கு நேராகச் சொல்லிவிடுவதால் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர். தராசு கழியால் கொட்டகைச் சுவரைக் காட்டினாள். குழாய் இருந்த இடத்தில் அடைப்பு. மேலே பச்சைப் பலகை: 'தினமும் நானூறு லிட்டர் இங்கே சேமிக்கப்படுகிறது.'

"எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க!" என்று மேனேஜர் பூரித்தார்.

"அப்போ இவங்க எங்க சார் குடிப்பாங்க?"

"கேட்டுக்குப் பக்கத்துல குழாய் இருக்கு. ஒன்றரை கிலோமீட்டர்தான். நடந்தா உடம்புக்கு நல்லது."

"போய்ட்டு வர நாப்பது நிமிஷம்" என்றாள் தராசு. "எங்களுக்கு இடைவேளை இருபது. குழாய் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே திரும்பிடணும்."

"வீட்டுலேருந்து கொண்டுவாங்களேன்."

"பாட்டிலைக் கேட்டுல பிடுங்கிடுறாங்க."

"எவர்சில்வர்ல கொண்டுவர்றது?"

"கொண்டுவந்தோமே! மினுக்குது, பந்தடிக்கிறவங்க கண்ணு கூசுதுன்னு நீங்கதானே சார் நிறுத்தினீங்க? இனிமே வாயிலதான் வெச்சுக்கிட்டு வரணும்."

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். அந்த நேரத்தில் ஒரு கழி தரையில் விழுந்தது. தராசின் நாத்தனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரமும் இங்கேதான் மயங்கி விழுந்தாள்.

"கழியை எடும்மா. விருந்தாளிங்க வர்ற நேரம்" என்றார் மேனேஜர்.

அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. தராசு தன் கழியையும் அதன் பக்கத்தில் போட்டாள்.

"குழாயைத் திறங்க சார். அப்புறம் தட்டுறோம்."

மற்ற பதினாலு கழிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வரும். பனி தானா காயும். நீங்க எதுக்கு?"

"அப்ப வெயிலையே வேலைக்கு வெச்சுக்குங்க. ஆனா அது எட்டு மணிக்குத்தான் வரும். உங்க விருந்தாளி ஏழுக்கு வருவாங்க."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. பதினாறு பேரையும் ஒண்ணா அனுப்புங்க."

மேனேஜர் தாமே ஒரு கழியைத் தூக்கி வீசினார். அது புல்லில் குத்தி, ஓர் எருமை புரண்டெழுந்த அளவுக்குப் பள்ளம் பறித்தது. சரி, எருமைக்கன்று.

"பெரியவரே, பிள்ளைங்களைச் சுத்திகரிப்பு மெஷினுக்குக் கூட்டிட்டுப் போங்க!" என்று என் மேல் பாய்ந்தார்.

அந்த மாணவி நகரவில்லை. "இந்தக் குழாயை யார் சார் அடைச்சது?" என்று என்னிடம் கேட்டாள்.



"நான்தாம்மா. ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. அடைன்னாங்க, அடைச்சேன். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல."

தராசின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவள் ஈரப் புல்லில் நாத்தனாரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியும்ணே" என்றாள். "அன்னிக்கு நீங்களும் தனி, நாங்களும் தனித்தனி. சும்மா நிக்காம வாங்க, உக்காருங்க."

நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். தூரத்தில் விருந்தாளிகளின் பேட்டரி வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மேனேஜர் போனில் யாரிடமோ கத்தினார். அந்த மாணவி நோட்டைப் பிரித்து, உட்கார்ந்திருந்தவர்களில் முதல் ஆளிடம், ஊர் பேர் விசாரிப்பதுபோல, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டு எழுதத் தொடங்கினாள்.

எங்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.