எல்லைக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி சங்கத்துக்காக மார்லிஸ் மதுக்கடையில் கிழித்துப் பார்க்கும் பரிசுச் சீட்டு விற்றாள். இப்போது ஆட்டக்கூடத் தரையில் ஐஸ் உறைய வைக்கும் இயந்திரம் பழுது. சரிசெய்யாவிட்டால் இந்த வருஷம் ஆட்டமே கிடையாது. ஆனால் சீட்டுப் பணத்தை ஊர் எல்லைக்குள்தான் செலவழிக்க வேண்டும் என்பது நகரசபை விதி.

"கூடத்துல பாதிதான் நம்ம ஊரு, மார்லிஸ். மெஷின் இருக்கிறது பக்கத்து ஊர்ப் பாதியில," என்றார் கூட்டத்தில் நகரசபைத் தலைவர் டுவேன்.

"உன் பேத்தி கோல் காக்கிறது நம்ம பாதியில. தண்ணியில நிக்கட்டுமா?"

டுவேன் தாடியைச் சொறிந்தார். கடைசியில், இயந்திரத்தை இந்தப் பக்கம் நகர்த்தினால் பழுதுபார்க்கலாம் என்று முடிவாயிற்று.

"நகர்த்துற செலவு எந்த ஊர்ல ஆகும்?" என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் கேட்டார்.

மார்லிஸ் தன் குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் எழுந்திருங்கப்பா. கையாலயே தள்ளிடலாம்."