சவாகோவின் மஞ்சள் ஐரிஸ்

அவர்கள் ஊர்த் தோட்டத்து ஐரிஸ் பூவில் ஊதா உண்டு, வெள்ளை உண்டு. மஞ்சள் மட்டும் வராது என்று ஊரே சொன்னது. சவாகோவுக்கோ மஞ்சள்தான் வேண்டும். வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கும் காட்டு மஞ்சள் ஐரிஸின் மகரந்தத்தை எடுத்துத் தன் வெள்ளைப் பூவில் தடவினாள். முளைத்தது ஒரே ஒரு விதை. அதை வீட்டுக் குளத்தோரச் சேற்றில் நட்டு மூன்று வருஷம் காத்திருந்தாள். இந்த வசந்தத்தில் இலைகளுக்கு நடுவே பூந்தண்டு விரலில் தட்டுப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மே ஐந்து, ஆண்பிள்ளைகள் திருநாள். மகன் ரிகுவுக்கு இதுதான் முதல் திருநாள். நோய்நொடி அண்டாதிருக்க, அன்று வசம்பு இலை மிதக்கும் வெந்நீரில் அவனைக் குளிப்பாட்ட வேண்டும். வருஷத்தில் பாதியைக் கடலில் கழிக்கும் கணவன் இசாமு, கடையில் இலை தீர்ந்துபோச்சு என்று வெறுங்கையோடு வந்தான். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கட்டு இலையைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டான். முகமெல்லாம் பல்.

பிள்ளையோடு குளியலறைக்குள் போனாள் சவாகோ. ஆவி வந்தது, வாசனை வரவில்லை. வசம்பு என்றால் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏற வேண்டுமே. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். வெறும் புல் நாற்றம்.

"இத எங்க வெட்டுனீங்க?"

"நம்ம குளத்தோரந்தான். வீட்லயே இவ்ளோ வசம்ப வச்சுக்கிட்டு என்னக் கடைக்கு அனுப்புற."

வசம்புக்கும் ஐரிஸுக்கும் ஒரே மாதிரி வாள் இலை; பூ இல்லாத ஐரிஸ் அந்த மனுஷனுக்கு வெறும் இலை. பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். செடி மொட்டையடித்த தலையாக நின்றது. சேற்றில் முழங்காலிட்டு, விரலை இலைகளுக்குள் விட்டாள். கத்தி பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே தண்டு முழுசாக இருந்தது. உயிர் வந்தது அவளுக்கு.

விஷயம் தெரிந்ததும் இசாமு அந்த முறை படகேறவில்லை. குளத்தைச் சுற்றி வலை கட்டினான், வாத்துகளை விரட்டினான், அவளைவிட அதிகமாகப் பதறினான்.

ஜூனில் ஒரு காலை மொட்டு வெடித்தது. சவாகோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்ன நிறம் என்று கேட்டாள்.

"நான் சொன்னா நம்புவியா? இலைக்கும் இலைக்குமே எனக்கு வித்தியாசம் தெரியல. நீயே கண்ணத் தொற."

திறந்தாள். மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள்.

அவள் போட்ட கூச்சலில் உள்ளே ரிகு விழித்து வீறிட்டான். அவனைத் தூக்கப் போக இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.