சட்டைப் பையில் பல் செட்

அன்று காலை ஆக்ஸிஜன் சிலிண்டரை மூட மறந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தால் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

காலை ஏழு மணிக்கு வண்டியைச் சோதிக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மூடிவிட்டு, ரெஜிஸ்டரில் ‘ஃபுல்’ என்று எழுத வேண்டும். நான் திறந்தேன், பார்த்தேன், எழுதினேன். நடுவில் ஒன்று விட்டுப்போனது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையில் எங்கள் ஆம்புலன்ஸ் வழக்கமாக நிற்கிற மரத்தடி. வண்டிக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ சன்னமாக ஓர் இரைச்சல் கேட்டது.

“காவேரியில தண்ணி திறந்து விட்டுட்டாங்க போலண்ணே. சத்தம் கேக்குது” என்றேன், டிரைவர் பிச்சமுத்து அண்ணனிடம்.

“இங்க வரைக்குமாடா கேக்கும்?”

“எனக்குக் காது கொஞ்சம் கூர்மைண்ணே.”

மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் ஓடியது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடையில் ஓர் அம்மா மயங்கி விழுந்தார். நாங்கள் பதினெட்டுப் பேர் சுற்றி நின்று விசிறினோம். ஆம்புலன்ஸில் வந்த ஒரு பெண் மண்டியிட்டு உட்கார்ந்து, “எல்லாரும் தள்ளுங்க” என்றாள். முதலாளி உட்பட எல்லோரும் தள்ளி நின்றார்கள். என் முதலாளியைத் தள்ளி நிற்கச் சொல்ல முடிகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கோர்ஸ் படித்தேன், பாஸானேன். இப்போது ஒன்பது மாதம். ஒரு வருடம் தவறில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம்.

கோர்ஸில் மாரடைப்பு, பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வண்டியில் ஏறிய பிறகுதான் முக்கியமான பாடத்தைக் கற்றேன். கூட வருகிறவர்கள் “எப்படி இருக்காரு?” என்று கேட்டால், நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “டாக்டர் சொல்வாருங்க.” பிழைப்பார் என்று சொல்லக் கூடாது, பிழைக்க மாட்டார் என்றும் சொல்லக் கூடாது. நமக்கு அந்த அதிகாரம் இல்லை. எனக்கு இது சுலபமாக வந்துவிட்டது. சாயம் போகுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆறு வருடம் பதில் சொன்ன வாய்.

பத்து மணிக்கு லால்குடியிலிருந்து அழைப்பு. அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் மூச்சுத் திணறலோடு ஒருவர். திருச்சி தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெயர் அழகர்சாமி, வயது அறுபத்தெட்டு, நெல் விவசாயி. மார்பு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. கூட மனைவி அமிர்தம், கையில் ஒரு மஞ்சள் பை.

ஸ்ட்ரெச்சரை ஏற்றிவிட்டுச் சிலிண்டரைத் திறக்கப் போனேன். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

முள் சிவப்புக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. வண்டியில் இரண்டு சிலிண்டர் இருக்க வேண்டும். இரண்டாவது நிரப்பப் போய் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருப்பது இருபது நிமிடத்துக்கு. பயணம் நாற்பது நிமிடம். அந்த கிளினிக்கிலேயே கேட்டிருந்தால் ஒரு சிலிண்டர் கொடுத்திருப்பார்கள். கேட்டால், உங்களுடையது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஒன்பது மாதம் போய்விடும். ரோடு காலியாக இருந்தால் போய்விடலாம் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டுகிற கருவி எண்பத்தெட்டு காட்டியது. முகமூடி போட்டதும் தொண்ணூற்றிரண்டு. சிலிண்டரோடு ஒரு தண்ணீர்ப் பாட்டில் இணைந்திருக்கும். ஆக்ஸிஜன் அதற்குள் குமிழியிட்டுத்தான் முகமூடிக்குப் போகும். அழகர்சாமி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அதையேதான் பார்த்தேன். அவருடைய பல் செட் ஆடிக்கொண்டிருந்தது. மூச்சு மோசமானால் தொண்டையில் போய் அடைக்கும் என்பதால் கழற்றி, ஒரு பஞ்சுத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் விதிப்படி செய்த ஒரே காரியம் அது.

வாளாடியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வைக்கோல் லாரிக்குப் பின்னால் சைரனை அலறவிட்டபடி ஒன்பது நிமிடம் நின்றோம். ரயில் வந்தது. சரக்கு ரயில். பெட்டிகளை எண்ண ஆரம்பித்து நாற்பதில் நிறுத்தினேன்.

டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது குமிழி சிறியதானது. பிறகு ஒன்றொன்றாக வந்தது. பிறகு பாட்டிலில் வெறும் தண்ணீர்.

அழகர்சாமி கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“வருதுங்கய்யா. நல்லா இழுங்க. வருது” என்றேன்.

அவர் இழுத்தார். எண்பத்தாறு. எண்பத்து மூன்று.

“என்ன தம்பி, உடம்பெல்லாம் வேர்க்குது இவருக்கு?” என்றார் அமிர்தம்.

“டாக்டர் பாத்துப்பாங்கம்மா.”

திருவானைக்காவலை நெருங்கியபோது முன்னாலிருந்து பிச்சமுத்து அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். “தம்பி, ஆளு நல்லால்லையே. வலது பக்கம் ஒடிச்சா அஞ்சு நிமிஷத்துல ஸ்ரீரங்கம். அங்க ஒரு நர்சிங் ஹோம்ல போட்டுட்டு அப்புறம் போலாமா?”

அஞ்சு நிமிடம். அங்கே ஆக்ஸிஜன் இருக்கும். என்ன கேள்வி கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

“வேணாம்ணே. நேரா போங்க. ஸ்டெடியாத்தான் இருக்கு.”

கருவியை அமிர்தத்தின் கண்ணில் படாதபடி கொஞ்சம் திருப்பி வைத்தேன். எழுபத்தொன்பது. பிறகு முகமூடியை எடுத்துவிட்டு, கையால் அமுக்கிக் காற்றடிக்கிற பையை மாட்டிக் காவேரிப் பாலம் முழுக்க அமுக்கினேன். வெறும் வெளிக்காற்று. சத்திரத்தில் பஸ்கள் வழிவிட்டன. அவர் கண் பாதி மூடி வெள்ளை தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அறுபத்தாறு. உதடு நாவல் பழம் தின்ற நிறத்தில் இருந்தது. ஐசியு கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

என் ரிப்போர்ட்டில், ‘வழி முழுவதும் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். கையெழுத்து மிக அழகாக வந்தது.

திரும்பி வந்ததும் பிச்சமுத்து அண்ணன் பின்பக்கம் ஏறி சிலிண்டரைப் பார்த்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். இறங்கினார்.

“மாத்தணும் போல” என்றார்.

“அண்ணே, என்னாலயாண்ணே அவருக்கு இப்படி?”

“டீ சாப்பிடுறியா?”

“கேக்குறேன்ல.”

“இஞ்சி டீயா, சாதா டீயா?”

வீட்டில் துவைக்கப் போட்ட யூனிஃபார்மிலிருந்து மனைவி மகாலட்சுமி எதையோ எடுத்துவிட்டு அலறியது தெரு முழுக்கக் கேட்டது.

“என்னங்க இது! யாரு பல்லு?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “ஒரு பேஷண்டோடது. குடுக்க மறந்துட்டேன்.”

“அவரு உசுரோட இருக்காரா?”

“டாக்டர் சொல்வாரு.”

“என்கிட்டயுமா?” என்றாள். அவள் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பல் செட்டைப் போட்டு அலமாரியில் வைத்தாள். படுக்கும்போது அது தெரிந்தது. அறையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐசியு நர்ஸ் கமருன்னிசா எனக்குத் தெரிந்தவர்.

“சிஸ்டர், லால்குடி அழகர்சாமி பல் செட். அவருகிட்ட குடுத்துடுறீங்களா?”

“தொண்டையில டியூப் போட்டு வென்டிலேட்டர்ல இருக்காருங்க. பல்லு இப்ப எதுக்கு? நீங்களே வச்சிருங்க.”

“பொழச்சுப்பாரா?”

“டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா தெரியும்.”

“சிஸ்டர், நான் சொந்தக்காரன் இல்ல. நம்ம லைன்ல இருக்கறவன். என்கிட்ட சொல்லலாம்.”

“நீங்க தினம் வாசல்ல வச்சு எல்லார்கிட்டயும் சொல்றீங்களே, அதைத்தாங்க நானும் சொல்றேன்.”

தினமும் போனேன். தினமும் அதே பதில். ஒரு நாள் கமருன்னிசாவே என்னைக் கேட்டார்: “வழியில ஆக்ஸிஜன் குடுத்தீங்கல்ல? ரிப்போர்ட்ல போட்டிருக்கு. டாக்டர் ரெண்டு தடவை எடுத்துப் பாத்தாரு.”

“குடுத்தேன்” என்றேன். சட்டைப் பை கனத்தது.

வண்டியில் உட்கார்ந்தாலே காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. சிலிண்டரை மூடினேன். மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். சாலைக்குப் போய் நின்று கேட்டேன். அங்கேயும் கேட்டது. “காவேரியில தண்ணி வந்துடுச்சா?” என்று பிச்சமுத்து அண்ணனைக் கேட்டேன். “இன்னும் வரலடா” என்றார். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் போனபோது ஐசியுவில் அவருடைய ஆறாம் நம்பர் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பை உருவியிருந்தார்கள். ஒரு பெண் மருந்து வாடை அடிக்கிற துணியால் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கமருன்னிசாவுக்கு அன்று லீவு.

“இங்க இருந்தவரு?” என்றேன்.

“எனக்குத் தெரியாதுங்க. துடைக்கச் சொன்னாங்க.”

கீழே வாசலில் ஒரு ஃப்ரீசர் பெட்டி வண்டி நின்றது. அதன் டிரைவர் எனக்குத் தெரிந்தவன், கை காட்டினான். நான் காட்டவில்லை. யாரை ஏற்ற வந்திருக்கிறான் என்று கேட்கவும் இல்லை. லிஃப்ட் பக்கம் திரும்பினால் அமிர்தம் நின்றிருந்தார். அதே மஞ்சள் பை. கண் வீங்கியிருந்தது.

“நீங்க அன்னிக்கு வண்டியில வந்த தம்பி இல்ல?”

“ஆமாங்கம்மா. ஐயா...”

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றார். “ஸ்ரீரங்கத்துல நிறுத்தலாமான்னு டிரைவர் கேட்டாரே. ஏன் வேணாம்னு சொன்னீங்க?”

“டாக்டர்...” என்று ஆரம்பித்தேன்.

“வாங்க, வந்து பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் லிஃப்டில் ஏறினார்; நானும் ஏறினேன். எதைப் பார்க்க என்று சொல்லவில்லை. மேலே போகிறதா கீழே போகிறதா என்று நான் லிஃப்டின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிணவறை கீழே.

மேலே போனது.

மூன்றாம் மாடி வார்டில், ஜன்னலோரம், தலையணையில் சாய்ந்து அழகர்சாமி உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். மூக்கில் குழாய். சுவரிலிருந்து வருகிற ஆக்ஸிஜன்; பக்கத்துப் பாட்டிலில் குமிழி பொங்கியது. இடது கை போர்வை மேல் அசையாமல் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கன்னம் ஒட்டிய பொக்கை வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“நேத்துலேருந்து எதையோ சொல்ல வராரு. ஒண்ணும் புரியல” என்றார் அமிர்தம்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வலது கையால் வாங்கி, திருப்பிப் பார்த்து, வாய்க்குள் போட்டு இரண்டு தரம் கடித்துச் சரிசெய்துகொண்டார். ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“ஐயா” என்றேன். “அன்னிக்கு வண்டியில சிலிண்டர் காலி. காலையில மூட மறந்தது நான். லால்குடியிலயே எனக்குத் தெரியும். சொன்னா வேலை போயிடும்னு சொல்லல. ஸ்ரீரங்கத்துல நிறுத்தவும் விடல. என்னாலதான் இவ்வளவு தூரம் ஆச்சான்னு ஒன்பது நாளா எல்லாரையும் கேக்கறேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அது காலியானது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

அமிர்தம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பை தரையில் விழுந்தது.

“தெரிஞ்சுது” என்றார் அழகர்சாமி.

“அப்பவே ஏங்கய்யா சொல்லல?”

“பல்லு உன் பையிலதானே இருந்துச்சு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் சிரிப்பு அந்த வார்டில் தனியாக நின்றுவிட்டுப் போனது. அவர் மூச்சு வாங்கினார்; குமிழி நான்கைந்து வந்து உடைகிற நேரம் ஆனது.

“உன்னாலதான்” என்றார். “நான் பாட்டிலைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். பாலம் ஏறுறப்பவே நின்னு போச்சு. நீ வருதுன்னே. இழுங்கன்னே. உன்னை நம்பித்தான் இழுத்தேன். வரல.”